லக்டேற் ஏறினால் வருவார்

எனக்கு டெங்கு இல்லை என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்தார்கள். இதைச் சொன்னால் இப்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பொங்கலில் நானும் ஒரு வாய் தின்றேன். தின்ற கையோடு முற்றத்து மாதுளை மரத்தடியில் அதை வாந்தியெடுத்தேன். அப்போதுகூட ஒருவருக்கும் யோசனை வரவில்லை. "வெறும் வயித்தில நெய் பட்டா இப்பிடித்தான்" என்றாள் என் மூத்த மகள் தர்சினி. டெங்கு இல்லையே, பிறகென்ன?

மாரி தொடங்கினால் எங்கள் தேற்றாத்தீவில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு டெங்கு என்ற ஒரு கருத்துத்தான். காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் குத்திக் கொடுத்து ரிப்போட் எடுப்போம். டொக்டரிடம் காட்டுவதற்கு முன்பே வீட்டில் உள்ளவர்கள் அதை வாசித்து முடித்துவிடுவார்கள். அதில் எத்தனையோ வரிகள் இருக்கும். எங்கள் கண் போவது பிளேற்லெற் என்ற ஒரே வரிக்கு. டெங்கு வந்தால் குறைகிற அணு அதுதான். எனக்கு அது நல்லாகவே இருந்தது. தர்சினி ரிப்போட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றே கத்தினாள். "அம்மாக்கு ஒண்டுமில்ல! ரெண்டு லட்சத்துக்கு மேல இரிக்கு!"

அதே கடதாசியில் வெள்ளையணு என்ற வரி எக்கச்சக்கமாக ஏறி நின்றது. பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். உடம்பில் எங்கேயோ கிருமி புகுந்து பெரிய சண்டை நடக்கிறது என்று அதற்குப் பொருளாம். அதைப் பிறகு ஆஸ்பத்திரியில்தான் காட்டினார்கள். நான் கூட்டுறவுக் கடையில் காலமெல்லாம் நிறுத்துக் கொடுக்கிறவள். பருப்பில் ஒரு பிடி குறைந்தாலும் என் கைக்குத் தெரியும். என் சொந்த இரத்தத்தைப் பற்றி நட்சத்திரம் போட்டுச் சொல்லியும் எனக்குத் தெரியவில்லை.

கிருமி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் வேலை செய்கிற கடையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. காலையில் போனால் பின்னேரம் வீடு வரும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கெட்டிக்காரி என்று நினைப்பு. சிறுநீரகத்தில் கல் உண்டானது, இடுப்பு நொந்தது, சிறுநீர் எரிந்தது. வெயிலுக்கு என்று சொல்லி இளநீர் குடித்தேன். மழைக்காலத்தில் என்ன வெயில் என்று யாரும் கேட்கவில்லை. பெண்டுகளே, தண்ணீரைக் குடியுங்கள். கடைக்காரனோ சங்கத்தலைவரோ யாராக இருந்தாலும் கழிப்பறை கேட்டுச் சண்டை பிடியுங்கள்.

காய்ச்சல் தொடங்கியபோதே என் இளைய மகள் மேனகாவிடம் சொல்லி வைத்தேன். "அப்பாக்குச் சொல்லிராத." அவளுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் இது எழுதாத சட்டம். அவர் அங்கே தனியே கிடக்கிறவர், கேட்டால் தாங்கமாட்டார், நித்திரை கொள்ளமாட்டார், அந்தப் பெரிய லொறியை ஓட்டிக்கொண்டு போய் எங்கேயாவது மோதிவிடுவார். என் மாமியார் விழுந்து இடுப்பு உடைந்ததை, மாமியார் எழும்பி நடந்த பிறகுதான் சொன்னோம். மேனகாவுக்குப் பரீட்சை பிழைத்தபோது வாய் திறக்கவில்லை. வெள்ளம் அடுப்படிக்குள் வந்து நின்றபோதும் "இஞ்ச நல்ல மழை" என்று மட்டும் சொன்னோம். பத்து வயதிலிருந்தே என் பிள்ளைகள் தகப்பனுக்கு நல்ல செய்தி மட்டும் சொல்லி வளர்ந்தவர்கள்.

அவர் கட்டாரில் இருக்கிறார். ஏன் அங்கே இருக்கிறார் என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. தாய் தகப்பன் இருக்கிற வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு அடுத்த வீடு கட்டக் கிளம்ப வேண்டும். அப்படித்தான் தர்சினி கலியாணத்தோடு எங்கள் வீடு அவளுடையதானது. அதே வளவின் பின்பக்கம் மேனகாவுக்கு ஒரு வீடு எழும்பியது, சுவர் மட்டும். கூரைக்காக அவர் திரும்பப் போனார். நானும் மேனகாவும் அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட இரண்டு அறையில் இருக்கிறோம். தர்சினியின் கலியாணத்துக்குப் பிறகு நான் என் புருசனைக் கண்ணால் கண்டது போனுக்குள் மட்டும்தான்.

எனக்கு அவர் மீது ஆசை. ஐம்பதை எட்டிப்பிடிக்கிற மனிசி இப்படி எழுதலாமா என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். அவர் மீன்தலை தின்கிறபோது முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டத்தின் ஓரத்தில் அடுக்குவார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க ஆசை. சைக்கிளை உள்ளே கொண்டுவந்து சாத்துகிற சத்தத்துக்கு ஆசை. ஆள் இல்லாத வீட்டில் கறிக்குப் போடுகிற உப்பின் அளவுகூட மாறிப்போகும். ஆனாலும் இத்தனை வருசத்தில் ஒரு நாளும் போனில் "வாங்க" என்று நான் கேட்டதில்லை. கேட்டால் கூரை என்னவாகும்?

பொங்கல் வைத்த அடுத்த நாள் எனக்கு உதறல் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. பிறகு நான் அலட்டத் தொடங்கினேனாம். மேனகாவைப் பார்த்து, "கியூவில வாகா, எல்லாருக்கும் சீனி இரிக்கு" என்றேனாம். அவள் முதலில் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டாள். கை ஐஸாகக் கிடந்தது, விரல்கள் நீலம் பாரித்திருந்தன. மருமகன் ஓட்டோ பிடித்து வந்தான். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், அப்படியே அம்புலன்ஸில் ஏற்றி மட்டக்களப்பு ரவுணுக்கு அனுப்பினார்கள். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சைரன் சத்தம் கேட்டு, "ஆருக்கோ கூடாது போல, பாவம்" என்று நான் சொன்னதாக மேனகா சொல்கிறாள். எனக்கு அது ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பொறுப்பெடுத்தது ஒரு டொக்டர் பிள்ளை. ஏறாவூர்க்காரி, தர்சினியின் வயதுதான் இருக்கும். முக்காட்டுக்குள் சின்ன முகம், கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு. அவர் மேனகாவுக்கு விளங்கப்படுத்தியதை நான் பிறகு பலமுறை கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆக்கிவிட்டேன்.

"இதுக்குப் பேர் செப்சிஸ். கிருமி கிட்னியில இருந்து ரத்தத்துக்குள்ள போயிற்று. அத அடிக்க எழும்பின உடம்பு, கிருமியோட சேத்துத் தன்னையும் அடிக்குது. பிரஷர் விழுந்தா எல்லா உறுப்புக்கும் ரத்தம் போய்ச் சேராது. அதுதான் பயம்."

"அம்மா தப்புவாவா மிஸ்?" என்று மேனகா நேராகவே கேட்டிருக்கிறாள். என் வாய்தான் அவளுக்கும்.

டொக்டர் பிள்ளை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. லக்டேற் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். உறுப்புகளுக்கு ஒட்சிசன் சரியாகக் கிடைக்காவிட்டால், அது இல்லாமலே எப்படியாவது சமாளிக்கப் பார்க்குமாம். அப்படிச் சமாளிக்கும்போது இரத்தத்தில் சேருவதுதான் லக்டேற். சுகதேகிக்கு இரண்டுக்குள் நிற்கும். எனக்கு ஐந்து தசம் எட்டு. "இந்த நம்பர் இறங்கினா நல்லது. இறங்காம நிண்டா, இல்லாட்டி ஏறினா, எங்களுக்குப் பயம். ஒரே ஒரு நம்பர வெச்சி ஆள் தப்புவாரா எண்டு சாத்திரம் சொல்லேலா. போற போக்கைப் பாக்கணும்."

இன்னும் இரண்டு சோதனை இருந்தது. ஒன்று சீஆர்பி. உடம்பில் அழற்சி இருக்கிறதென்று காட்டும். மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற சோம்பேறி அது. மற்றது புரோகல்சிட்டோனின். அந்தப் பெயரைச் சொல்லப் பழகவே எனக்குப் பல நாள் பிடித்தது. பக்டீரியாக் கிருமி பிடித்தால் அது பெரும்பாலும் துள்ளி ஏறும், மருந்து சரியாக வேலை செய்தால் இறங்கும். அதை வெளியே தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மருமகன் என் இரத்தத்தை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் மோட்டர்சைக்கிளில் போனான். மாமியின் இரத்தம் கையில் என்றதும் அவன் ரோட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளம் கிடங்கையும் பார்த்துப் பார்த்து ஓடினானாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து நானும் அவனும் பெரிதாகப் பேசிப் பறைந்ததில்லை. அந்த ஓட்டத்துக்குப் பிறகு எனக்கு அவன் மகன்தான்.

லக்டேற்றுக்கு இரத்தம் எடுப்பதுதான் பொல்லாத வேலை. மணிக்கட்டு நாடிக்குள் ஊசியை இறக்குவார்கள். எலும்புக்குள் நெருப்பு வைத்தது போல் இருக்கும். நான் கத்துவேன். தாதி மிஸ்ஸிமார் என்னை, "தேற்றாத்தீவு அம்மாட சத்தம் கேட்டா ஆளுக்குச் சுகம்" என்று பகிடி பண்ணுவார்கள். சத்தம் கேட்காமல் போன நாளும் வந்தது, அதைச் சொல்கிறேன்.

முதல் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பின்னேரம் பார்வையாளர் நேரம். கண் மூடிக் கிடந்தேன், காது மட்டும் திறந்திருந்தது. இனியும் மறைக்க முடியாதென்று மேனகா தகப்பனுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். போனை என் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"புள்ள, கேக்குதா? நான்தான்" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "ஒண்டுக்கும் யோசிக்காத. நான் இரிக்கன்."

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வந்தது. வாய் திறக்கவில்லை. நான் நித்திரை என்று நினைத்துக்கொண்டு அவர் மேனகாவோடு பேசத் தொடங்கினார். கொம்பனியில் கேட்டாராம். ஒப்பந்தம் முடிய முன்பு போனால் கடைசியில் வரவேண்டிய காசு வராது, திரும்ப எடுக்கவும் மாட்டார்கள் என்றார்களாம். கடைசியில் வருகிற அந்தக் காசுதான் கூரை.

"அந்த நம்பர் என்னெண்டு நாளைக்குக் கேட்டுச் சொல்லு மகள். ஏறினா உடன சொல்லு, நான் எல்லாத்தயும் விட்டுற்று வாறன், டிக்கட் பாத்து வெச்சிரிக்கன். இறங்கினா... பொறுத்துப் பாப்பம்."

"சரிப்பா" என்றாள் மேனகா.

லக்டேற் ஏறினால் வருவார், இறங்கினால் வரமாட்டார். அந்தக் காய்ச்சலிலும் எனக்கு அது மட்டும் தெளிவாக விளங்கியது. அதற்குப் பிறகு நான் நினைத்ததை எந்த டொக்டரிடமும் சொல்லவில்லை. ஏறட்டும் என்று நினைத்தேன். பிள்ளையாரே, அம்மாளாச்சி, கொஞ்சம் ஏறட்டும், அவர் பிளேனில் ஏறும் மட்டும் ஏறட்டும், மறுகா இறங்கட்டும். கொஞ்சம் ஏறுவதும் நிறைய ஏறுவதும் என் கையில் இருப்பது போல, தராசுத் தட்டில் ஒரு பிடி போட்டு எடுப்பது போல நினைத்தேன். சாகிற ஆசை எனக்கில்லை. அவர் உள்ளே வந்து, அந்த லொறி ஓட்டுகிற கையால் என் நெற்றியைத் தொடவேண்டும், அவ்வளவுதான். விசர் ஆசைதான். ஆனால் வந்த ஆசை வந்ததுதான்.

அடுத்த நாள் எனக்கு இல்லை. எனக்கு இல்லை என்றால், என் வாழ்க்கையில் அந்த நாள் இல்லை. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள், பிரஷரைத் தூக்கிப்பிடிக்க மருந்து ஏற்றினார்கள், நாடியில் குத்தியபோது நான் கத்தவில்லை. ஸ்கேன் செய்து பார்த்தபோது சிறுநீர் இறங்குகிற குழாயில் கல் அடைத்துக்கொண்டு கிடந்ததாம். மேலே தேங்கி நின்ற சீழிலிருந்துதான் கிருமி இரத்தத்துக்குள் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு மருந்து அடித்தாலும் அந்த அடைப்பு இருக்கும்வரை பயனில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு வழி திறந்தார்கள். வெளியே மேனகாவும் தர்சினியும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். சின்ன வயதில் ஒரு ரிபனுக்குச் சண்டை பிடித்து மயிரைப் பிய்த்துக்கொண்ட இரண்டு பேர்.

கண் விழித்தபோது டொக்டர் பிள்ளை குனிந்து நின்றார். தொண்டையில் குழாய் எடுத்த எரிவு.

"அம்மா, லக்டேற் இறங்கிற்று. மூண்டு தசம் ஒண்டு. இன்னும் இறங்கும்."

என் கண்ணிலிருந்து பொலபொலவென்று வடிந்தது. அவர் பயந்துபோனார். "இறங்கினா நல்லதம்மா! ஏன் அழுறீங்க? நோகுதா?" நான் தலையை ஆட்டினேன். அவர் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டு, தானும் கண்ணைத் துடைத்தார். நல்ல பிள்ளை. அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு எல்லாமே இறங்கியது. லக்டேற் இரண்டுக்குள் வந்தது. புரோகல்சிட்டோனின் பாதியாகி, அதிலும் பாதியானது. சோம்பேறி சீஆர்பியும் ஆறுதலாக இறங்கி வந்தது. என்னைச் சாதாரண வாட்டுக்கு மாற்றினார்கள். தர்சினி காலையில் கஞ்சி கொண்டுவருவாள், பின்னேரம் குறட்டை மீன் சொதி கொண்டுவருவாள். நடக்கப் பழக்கினார்கள். கட்டிலிலிருந்து கதவுக்கு நடப்பது எனக்கு முன்பு கதிர்காமத்துக்கு நடந்ததை விடத் தூரமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி உம்மா ஒருவர். "பாயோட ஒட்டவெக்கிற ஊர்ல நீங்க கட்டிலோட ஒட்டிற்றீங்களே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் மட்டக்களப்பைப் பற்றி மற்ற ஊரார் சொல்கிற பகிடிதான் அது. விருந்தாளியை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துப் போகவிடமாட்டார்களாம். அந்த மந்திரம் மெய்யாக இருந்தால் என் புருசன் கட்டாருக்குப் போயிருப்பாரா?

ஒரு நாள் காலை பெரிய டொக்டர் படிக்கிற பிள்ளைகளோடு என் கட்டிலைச் சுற்றி நின்றார். எல்லாம் இங்கிலீசில் பறைந்தார்கள். என்னைக் காட்டிக் காட்டிப் பறைந்தார்கள், வாங்க வந்த மாட்டைப் பார்ப்பது போல. அவர்கள் போனதும் டொக்டர் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன கதை என்று கேட்டேன்.

"உங்களத்தான் பாடமாச் சொன்னவர்" என்று சிரித்தார். "குழாய் போட முதல் அண்டைக்கு உங்கட லக்டேற் எட்டுக்குப் போயிற்று. அந்தளவுக்கு ஏறி நிண்டா தப்புறது குறைவு. அடைப்ப எடுத்த உடன கெதியா இறங்கினதால நீங்க தப்பினீங்க. இறங்கிற வேகத்தப் பாருங்க எண்டு பிள்ளையளுக்குக் காட்டினவர்."

எட்டு. எட்டுக்கு ஏறியிருக்கிறது. ஏறினால் வருவேன் என்றவர் வரவில்லை.

அன்றிலிருந்து என் வாய் அடைத்துப்போனது. அவர் போன் எடுப்பார். சாப்பிட்டியா, ஓம். நோகுதா, இல்ல. நித்திரை வந்ததா, ம். "ஏன் புள்ள, கோவமா?" என்பார். "கோவிக்க என்ன இரிக்கு" என்பேன். மேனகா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வெளியே போவாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு எனக்குள் ஒரே கணக்குத்தான். எட்டுக்கும் வராதவர் எத்தனைக்கு வருவார்? பத்துக்கா? கூரை, கூரை, கூரை. என் தலைக்கு மேலே வெள்ளைத் துணி போர்த்தினாலும் ஓடு வாங்கின பிறகுதான் வருவார் போல. உள்ளே கொதித்தேன். கொதிப்பு அடங்கினால் பழைய ஆசை. அந்த மீன்முள் அடுக்குகிற விரல் கண்ணுக்குள் வந்து நிற்கும். ஆசை கூடக் கூடக் கோபமும் கூடியது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலை மேனகா என் தலையைச் சீப்பால் இழுத்துக் கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு மயிர் கைநிறைய வந்தது. சீப்பில் வந்ததை அவள் எனக்குக் காட்டாமல் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தாள். அதைக் கண்டதும் எனக்குப் பொங்கிவிட்டது.

"கொப்பரப் பாத்தியா? எட்டுக்கும் வரல்ல. நான் செத்திருந்தா முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்காவது வந்திருப்பாரா?"

சீப்பு நின்றது. திரும்பிப் பார்த்தேன். மேனகா அழுதுகொண்டு நின்றாள்.

"அப்பாக்குத் தெரியாதும்மா."

"என்ன தெரியாது?"

"எட்டெண்டு சொல்லத்தான் போனன். அப்பா 'ஹலோ மகள்' எண்டார், பின்னால லொறிச் சத்தம் கேட்டது. அவர் ஓட்டிக்கொண்டு இரிக்காரோ எண்டு பயமாப் போயிற்று. வாயத் திறந்தன், நாலு எண்டு வந்திற்று. இறங்கிற்று எண்டு சொல்லிற்றன். அப்பா அங்க அழுதவர்மா. சாமிக்கு நேர்ந்ததெண்டு சொன்னவர். மறுகா எப்பிடி நான் மாத்திச் சொல்ற? குழாய் போட்ட பிறகு மெய்யாவே இறங்கிற்று. அதோட விட்டுற்றன்."

அவளை ஏச வாய் எடுத்தேன். என்னத்தை ஏசுவது? அவளுடைய பரீட்சை பிழைத்த அன்று, "அப்பாக்குச் சொல்லிராத, நல்லதை மட்டும் சொல்லு" என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனைக் கையில் கொடுத்தவள் நான். அதைத்தான் அவள் செய்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை. பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டேன். எலும்பும் தோலுமாகிவிட்டாள். காவலுக்கு நின்ற நாளெல்லாம் சரியாகத் தின்னவில்லை.

"எனக்கு வீடு வேணாம்மா" என்றாள் என் தோளுக்குள். "அப்பா வந்தாப் போதும்."

"பறையாத" என்றேன். "வீடு வேணும். அது வேற கதை."

மேனகா மருந்து எடுக்கப் போனபோது நானே அவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். இத்தனை வருசத்தில் நானாக எடுத்தது குறைவு. அவர் எப்போது எடுப்பார் என்று காத்திருந்துதான் பழக்கம். லொறியை ஓரமாக நிற்பாட்டிவிட்டு இருந்தார். முகம் கறுத்து, தாடி நரைத்துக் கிடந்தது. எனக்குத்தான் செப்சிஸ், அவரும் பாதியாகியிருந்தார்.

"என்ன புள்ள, இண்டைக்கு எத்தினை?" என்றார். தினமும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"எல்லாம் நோர்மல். இண்டைக்கு வீட்ட போறம்."

"அப்பாடா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"இஞ்சருங்க, ஒண்டு சொல்லணும். அண்டைக்கு நாலு இல்ல. எட்டு."

"எண்டைக்கு?"

"இறங்கிற்றெண்டு மேனகா சொன்னாளே, அண்டைக்கு. எட்டுக்கு ஏறி, நான் மூச்செடுக்கேலாமக் கிடந்தன். அவள ஏசாதீங்க. உங்களுக்குக் கூடாத செய்தி சொல்லப்படாதெண்டு வளத்தது நான்."

அவர் எதையோ பிடித்துக்கொள்வது போல ஸ்டியரிங்கைப் பிடித்தார். "எட்டா?" என்றார். "எட்டெண்டா நான் வந்திருப்பனே புள்ள. அண்டைக்கே வந்திருப்பனே" என்றார்.

"ஓம். வந்திருப்பீங்க. எனக்குத் தெரியும்." போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். "நான் அண்டைக்கு நம்பர் ஏறட்டும் எண்டு சாமியக் கும்பிட்டுக் கிடந்தன். ஏறினா நீங்க வருவீங்க எண்டு. என்ன பொழப்பு இது? சாகக் கிடந்தாத்தான் எண்ட புருசன நான் காணலாமா? இப்ப எனக்கு எல்லா நம்பரும் நல்லாரிக்கு. வாறதெண்டா இதுக்கு வாங்க. நான் உசிரோட இரிக்கக்குள்ள வாங்க. கூரைய மறுகா பாப்பம். நனைஞ்சா எல்லாருமா நனைவம்."

அவருடைய முகம் போனிலிருந்து போய்விட்டது. வீடியோவை நிற்பாட்டிவிட்டார். அழைப்பை வெட்டவில்லை. லொறியின் ஏசி இரைவது கேட்டது, பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானும் வெட்டவில்லை. பக்கத்துக் கட்டில் உம்மா மற்றப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"புள்ள" என்றார்.

"ம்."

"உனக்கு என்ன கொண்டு வர?"

வெளிநாட்டில் இருக்கிற ஆம்பிளைகள் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கமாட்டார்கள். வருவதென்று முடிவெடுத்து, பெட்டி கட்ட நினைத்த பிறகுதான் கேட்பார்கள். கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் பால்மா, சவர்க்காரம், போர்வை, சென்ற் போத்தல் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஒண்டும் வேணா" என்றேன். "கைய வீசிற்று வாங்க."